வாய் பொத்திய வீடு

என் மாமனார் வீட்டில் பேசுவதற்கு ஒரு முறை இருந்தது. பெரியவர்கள் எதிரில் வாயைத் திறக்க வேண்டுமானால் வலது கையை உதட்டுக்கு முன்னால் குவித்து வைத்துக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு, மெதுவாகச் சொல்ல வேண்டும். நம் மூச்சுக்காற்று அவர்கள் மேல் படக் கூடாது. பெண்களுக்குக் கைக்குப் பதில் முந்தானை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் அந்த நாளில் பல வீடுகளில் இந்த மரியாதை உண்டு. எங்கள் வீட்டில் அது கொஞ்சம் கூடுதல். மாமனார் காலையிலும் மாலையிலும் கூடத்தில் உட்கார்ந்து சிஷ்யர்களுக்குப் பிரபந்தத்துக்கு அர்த்தம் சொல்லுவார். சந்தேகம் கேட்கிறவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டுதான் கேட்பார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில், இத்தனை பேருக்கும் ஒரே நாளில் பல்வலி வந்துவிட்டதா என்று நினைத்தேன்.

நான் திருச்சியில் கோட்டைக்குள் பிறந்தவள். அப்பா வக்கீல் குமாஸ்தா. எங்கள் வீட்டில் ஒருவர் ஒரு பேச்சை முடிப்பதற்குள் மூன்று பேர் குறுக்கே விழுவோம். அப்படிப்பட்டவளைக் காவிரிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து வாயை மூடினால் எப்படி இருக்கும்? மூச்சு முட்டியது. ஆனால் மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள், நானும் பழகினேன்.

மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டதால் சமையல் என் தலையில் விழுந்தது. தளிகை முதலில் வீட்டுப் பெருமாளுக்கு. அதைப் படைத்து அவர் அமுது செய்து முடிக்கும் வரை அடுக்களையில் பேச்சு கிடையாது. சோற்றின் மேல் மூச்சு படக் கூடாது என்று துவைத்த துணி ஒன்றை மூக்கையும் வாயையும் சேர்த்து மறைத்துப் பின்தலையில் முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். விடிந்ததிலிருந்து உச்சிவேளை வரை அந்தத் துணி. அதற்குப் பிறகு முந்தானை. என் வாய் வெளிச்சத்துக்கு வந்த நேரம் சாப்பிடுகிற நேரம் மட்டும்தான்.

இந்த வீட்டில்தான் என் பெண் பிறந்தாள்.

முதல் சில மாதங்கள் எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருந்தாள். தூளியில் படுத்தபடி தனக்குத் தானே ‘ங்கா, ங்கே’ என்று கூவிக்கொண்டிருப்பாள். வாயாடியாக வரப்போகிறாள், என் பிறந்த வீட்டு ரத்தம் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். உட்கார ஆரம்பித்த பருவத்தில் அந்தக் கூவல் வளர்வதற்குப் பதிலாகத் தேய ஆரம்பித்தது. பிறகு வெறும் அழுகையும் சிரிப்பும்தான். கேட்டால் எல்லாரிடமும் பதில் தயாராக இருந்தது. “உங்க ஆத்துக்காரரே நாலு வயசுக்கு மேலதான் வாயைத் திறந்தார்” என்றார்கள். அவர் அதற்குப் பிறகும் பெரிதாக ஒன்றும் திறந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், அப்பா எதிரில் தும்முவதற்கும் உத்தரவு கேட்கிற மனிதர்.

காது கேட்காது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணமும் இருந்தது. பெருமாள் புறப்பாட்டுக்கு வேட்டுப் போட்டால் குழந்தை திடுக்கிட்டு என் காலைக் கட்டிக்கொள்ளும். தவில் வாசலோடு போனால் இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் வைத்துக்கொண்டு சிரிக்கும். இதற்குக் காது கேட்காது என்று யார் சொல்லுவார்கள்? சத்தத்தை அவள் சுவரிலும் தரையிலும் தொட்டு வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். “பிடிவாதம். தாயாரைக் கொண்டிருக்கு” என்றார் மாமனார்.

மூன்று வயதில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. மாமனாரோ சிஷ்யர்களோ எதிரில் வந்தால் குழந்தை வலது கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, லேசாகக் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். கூடமே சொக்கிப்போய்விட்டது. “யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்துடுத்து பாருங்கோ!” என்றார்கள் சிஷ்யர்கள். சிரிப்பே அறியாத மாமனார் அன்றைக்குச் சிரித்து, ஒரு கல்கண்டை எடுத்து அவள் வாயில் போட்டார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. பேச்சு பிந்தினால் என்ன, மரியாதை முந்திவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு வயது முடிந்தும் ஒரு வார்த்தை இல்லை. பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று மாமனாரிடம் பொய் சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜட்கா வைத்துப் பாலம் கடந்து, என் கணவருடைய ஆபீஸ் வாசலில் அவரையும் ஏற்றிக்கொண்டு, திருச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். தெற்கத்திப் பக்கத்துக்காரர் என்று சொன்னார்கள். நரைத்த தலை, கதர்ப் புடவை, அவசரமே இல்லாத கை.

குழந்தையை என் பக்கம் பார்க்க நிறுத்தி, பின்னால் நின்று கையைத் தட்டினார். மணி அடித்தார். ஒரு தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினார். குழந்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தரையில் காலை ஓங்கி உதைத்தார். அப்போது திரும்பியது.

“குழந்தைக்குக் காது கேக்கலைம்மா” என்றார். “பெரிய சத்தம் ஏதோ கொஞ்சம் எட்டலாம். பேச்சு எட்டாது.”

“நாக்கு?” என்று கேட்டேன்.

“நாக்கு, தொண்டை எல்லாம் நல்லா இருக்கு. குழந்தைங்க காதுல விழறதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லித்தான் பேசப் பழகுது. இதுக்கு ஒண்ணுமே விழலை. எதைத் திருப்பிச் சொல்லும்?”

அதற்குள் குழந்தை அவர் எதிரில் போய் நின்றது. பெரிய மனுஷி என்று கண்டுகொண்டதோ என்னவோ, கையை வாயில் குவித்துக்கொண்டு குனிந்து தலையை ஆட்டியது.

“இது என்ன செய்யுது?”

“மரியாதை பண்றா. எங்காத்துல எல்லாரும் பெரியவா எதிர்ல அப்படித்தான்” என்றேன். சொல்லும்போது என் முந்தானையும் என் வாய்க்கு முன்னால்தான் இருந்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“அம்மா, அந்த முந்தானையை எடுங்க. இது மரியாதை இல்லை. இது பேசுது. உங்க வீட்ல எல்லாரும் எப்படிப் பேசுறாங்களோ, அதையே அப்படியே பேசுது. பேச்சுன்னா கையை வாய்ல வெச்சுக்கறதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கு.”

ஒரு வருஷமாக இந்தப் பிஞ்சு எங்கள் எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் கல்கண்டு கொடுத்திருக்கிறோம். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் அந்த அறையிலேயே, வெட்கம் கெட்டு, ஓவென்று அழுதேன்.

டாக்டரம்மா என்னை அழ விட்டார். பிறகு சொன்னார். மருந்து கிடையாது. கண்ணும் கையும்தான் இனி அவளுக்குக் காது. வெளிச்சத்தில், அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, வாயை மறைக்காமல் பேச வேண்டும். அவள் கையை என் தொண்டையில் வைத்து அதிர்வைக் காட்ட வேண்டும், பிறகு அவள் தொண்டையில் வைக்க வேண்டும். உதட்டில் தெரிகிற எழுத்துகளில் ஆரம்பிக்க வேண்டும். சின்ன வயதிலேயே ஆரம்பித்தால்தான் வரும், தள்ளிப்போகத் தள்ளிப்போகக் கஷ்டம். பட்டணத்தில் இதற்கென்று பள்ளிக்கூடம் இருக்கிறது என்றும் சொன்னார். என் கணவர் தலையை ஆட்டினார். அப்பா விட மாட்டார் என்று அதற்கு அர்த்தம்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் அப்பாவிடம் வாயைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மாமனார் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். நான் கதவோரம் நின்றேன்.

அவருக்கு ஒரு கவலை இருந்தது. அவருடைய கடைசிப் பெண்ணுக்கு, என் நாத்தனாருக்கு, வரன் பார்த்துக்கொண்டிருந்தார். தை மாதம் கும்பகோணத்திலிருந்து பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

“ஊமைக் குழந்தை இருக்கற ஆத்துல பொண் எடுக்க யோசிப்பா” என்றார். “லால்குடி பக்கத்துல நம்ம பந்துக்கள் இருக்கா, குழந்தை குட்டி இல்லாதவா. இது அங்கே இருக்கட்டும்.”

“எத்தனை நாளைக்குப்பா?” என்றார் அவர்.

“இருக்கட்டும்னேன்.”

கிராமத்தில் முன்பின் தெரியாத வீட்டில் மாட்டுக் கொட்டிலோடு கொட்டிலாக என் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருப்பதை நினைத்தேன். கதவோரத்திலிருந்து நான் குரல் கொடுத்தேன். கொஞ்சம் அவகாசம் வேண்டும், டாக்டர் சொன்னபடி சொல்லிக் கொடுத்துப் பார்க்கிறேன் என்றேன். மாமனார் என் பக்கம் திரும்பாமலே யோசித்தார். கெட்டவர் இல்லை அவர். சொன்ன சொல்லை மாற்றாதவர் என்று வீதியில் பெயர் எடுத்தவர்.

“பிள்ளையாத்துக்காரா வர வரைக்கும் இருக்கட்டும். அதுக்குள்ள ஒரே ஒரு வார்த்தை, கூடத்துல இருக்கறவா எல்லார் காதுலயும் விழறாப்பல வந்துடுத்துன்னா இங்கேயே இருக்கலாம். இல்லேன்னா மறுநாள் வண்டி கட்டச் சொல்லிடறேன்.”

அப்போது ஆடி. காவிரியில் புதுத் தண்ணீர் வந்திருந்தது.

மத்தியானம் மாமனார் கண்ணயர்கிற நேரத்தில் கொல்லைக் கிணற்றடியில் நானும் குழந்தையும் உட்கார்ந்துகொள்வோம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வேன். நாத்தனார் தன் முகக்கண்ணாடியைக் கொண்டுவந்து எங்கள் எதிரில் பிடித்துக்கொண்டு உட்காருவாள். பதினைந்து வயசுப் பெண். அண்ணன் குழந்தையின் மேல் உயிர். கை வலித்தாலும் கண்ணாடியைக் கீழே வைக்க மாட்டாள்.

ஒரு வார்த்தைதானே, ‘அம்மா’ என்று வைத்துக்கொண்டேன். அதில் சுயநலமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் உதட்டைப் பார்த்துக் குழந்தை உதட்டை மூடித் திறக்கும். அச்சாக அப்படியே இருக்கும். குரல் மட்டும் வராது. ‘அப்பா’ என்று சொன்னாலும் உதடு அதே மாதிரிதான் போகிறது என்பதைக் கண்ணாடியில் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். அதனால் அவள் விரலை என் மூக்கின் மேல் வைத்து, ‘ம்ம்ம்’ என்று மூக்கு அதிர்வதைக் காட்டினேன். விரலுக்குக் கூச்சமாக இருந்ததால் சிரித்தாள். சிரிப்பில் குரல் இருந்தது. அந்தக் குரலைப் பிடித்து உதட்டுக்குள் போடத்தான் எனக்கு வழி தெரியவில்லை. குரல் வந்தால் உதடு திறந்தே கிடக்கும். உதடு மூடினால் குரல் நின்றுபோகும்.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. இவள் என் மூக்கைப் பிடித்துத் திருகினாளே தவிர ஒன்றும் வரவில்லை. கோவிலுக்குப் போனால் என் வாய்க்கு வந்ததையெல்லாம் பெருமாளிடம் கேட்டேன். “படுத்துண்டே இருக்கியே, உனக்காவது காது கேக்கறதா?” என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற மாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் நான். கோபம் வந்தால் கை நீண்டுவிடும். ஐப்பசியில் ஒரு நாள் குழந்தை சலித்துப்போய் என் விரலைக் கடித்துவிட்டது. பளீரென்று ஒன்று வைத்தேன். வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவு பெரிய குரல் இந்தத் தொண்டையில் இருக்கிறதே! அழுகிற குழந்தையைத் தேற்றாமல் அவள் கையைப் பிடித்து அவள் தொண்டையிலேயே அழுத்தி வைத்தேன். “இதுதான், இதுதான்” என்று நானும் அழுதுகொண்டே கத்தினேன். குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது. தொண்டையில் இருந்த தன் கையைப் பார்க்க முயன்றது. மறுபடி ஒரு குரல் கொடுத்தது. மறுபடி நிறுத்தியது.

அன்றிலிருந்து அவள் கை எப்போதும் தொண்டையில்தான். விளையாடும்போது, சாப்பிடும்போது, தூங்கும்போது கூட. குரலை விட்டு விட்டுப் பார்ப்பாள். கட்டை வண்டி அச்சு உரசுகிற மாதிரி இருக்கும். மாமனார் முகத்தைச் சுளிப்பார். வார்த்தை மட்டும் வரவே இல்லை. மார்கழி முழுக்க, வீதியெல்லாம் பாசுரம் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், நான் கிணற்றடியில் செத்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு முதல் நாள் மாமனார் லால்குடிக்கு ஆள் அனுப்பிவிட்டார் என்று என் கணவர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கிணற்றடிக்குப் போனேன்.

பிள்ளை வீட்டார் வந்தார்கள். பிள்ளையின் அப்பா, அம்மா, மாமா. பிள்ளை வரவில்லை. பெரியவர்களுக்குப் பிடித்தால் போதும். நாத்தனார் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு நமஸ்காரம் செய்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு பாட்டுப் பாடினாள். எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்பது காபியை அவர்கள் வாங்கிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. நான் குழந்தையைக் காலோடு அணைத்துக்கொண்டு தூண் பக்கத்தில் நின்றேன். ஒளித்து வைத்தால் சந்தேகம் வரும், சத்தம் போடாமல் பார்த்துக்கொள் என்று மாமனார் உத்தரவு.

பிள்ளையின் அம்மா குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டினாள். “இங்கே வாடி கண்ணு, உன் பேர் என்ன?”

நான் பிடியை இறுக்குவதற்குள் குழந்தை நழுவிப் போய் அந்த அம்மாள் எதிரில் நின்றுவிட்டது. வலது கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டது. குனிந்தது.

“அடடா!” என்றார் பிள்ளையின் அப்பா. “இந்தக் காலத்துல இப்படி ஒரு குழந்தையா! வளர்ப்புன்னா இதுதான் வளர்ப்பு.”

மாமனாரின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. காரியம் முடிந்துவிட்டது. அப்படியே விட்டிருந்தால் முகூர்த்தம் குறித்திருப்பார்கள்.

அப்போதுதான் குழந்தையின் இடது கையைப் பார்த்தேன். அது தொண்டையில் இருந்தது. விரல்களுக்குக் கீழே தொண்டை ஏறி இறங்கியது. வலது கைக்குப் பின்னாலிருந்து அமுங்கிப்போன ஒரு முனகல் நடுவில் மூடித் திறந்து வந்தது. குழந்தைக்கு இருமல் என்று நினைத்துப் பிள்ளையின் அம்மா முதுகைத் தடவினாள். எனக்குத் தெரிந்துவிட்டது. உதடும் குரலும் சேர்ந்துவிட்டன. ஆடியிலிருந்து நான் காத்திருந்தது அந்தக் குவிந்த கைக்குள்ளே நடந்துகொண்டிருந்தது. ஒருத்தர் காதிலும் விழாமல் அதற்குள்ளேயே முடிந்துபோகும். நாளைக்கு வண்டி வரும்.

நாத்தனாரைப் பார்த்தேன். அவளும் தெரிந்துகொண்டுவிட்டாள், கண்ணாடி பிடித்தவளாயிற்றே. என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாளா, போ என்று சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் போனேன். இத்தனை ஆண்கள் நடுவில், கூடத்தின் குறுக்கே நடந்து, குழந்தையின் முன்னால் மண்டியிட்டு, என் முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன். பிறகு அவள் கையை அவள் வாயிலிருந்து எடுத்தேன்.

“அம்… மா.”

கரகரவென்று, ஏற்ற இறக்கம் இல்லாமல், கூடம் முழுக்கக் கேட்கிற குரல். குழந்தை என் முகத்தைப் பார்த்தது. சரியாகச் சொன்னோமா என்று தெரியாமல் மறுபடி சொன்னது. மறுபடியும் சொன்னது.

“குழந்தைக்கு என்ன?” என்றாள் பிள்ளையின் அம்மா.

“காது கேக்காது” என்றேன், வாயை மறைக்காமல். “இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கா.”

அவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு வாரத்தில் ஜாதகம் பொருந்தவில்லை என்று பதில் வந்தது.

மாமனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்று சாயங்காலமே என் கணவரைக் கூப்பிட்டு, “வார்த்தை வந்துடுத்து. எல்லார் காதுலயும் விழுந்துடுத்து. இங்கேயே இருக்கட்டும்” என்றார். லால்குடிக்கு மறுபடியும் ஆள் போய் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். அதோடு மாமனார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் வாயில் துணி கட்டாமல் சமைப்பதைப் பார்த்து என் கையால் சாப்பிடுவதையும் நிறுத்தினார். நாத்தனார் அவருக்குத் தனியாகத் தளிகை பண்ணினாள். அவளும் என்னோடு பேசவில்லை. கண்ணாடி அவள் பெட்டிக்குள் போய்விட்டது. அவளுக்கு அப்புறம் வரன் குதிர வருஷக்கணக்காயிற்று, குதிர்ந்ததும் இரண்டாம் தாரமாகத்தான். அதற்குக் காரணம் நான்தான். ஆனாலும் அந்தக் கையை மறுபடியும் எடுக்கத்தான் எடுப்பேன்.

என் கணவர் அப்பாவுக்குப் பயந்து, அப்பா இல்லாத நேரத்தில் பேசினார். பிறகு அதுவும் குறைந்தது. காலையிலிருந்து இருட்டும் வரை அந்த வீட்டில் என்னை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ஏதாவது வேண்டுமானால் பாத்திரத்தைத் தரையில் நங்கென்று வைப்பார்கள், நான் போய்ப் பார்க்க வேண்டும். நான் பேசினால் பதில் வராது. எனக்கு மட்டும் காது கேட்டு என்ன பிரயோஜனம் என்று அழுத நாட்கள் உண்டு.

அப்போது கொல்லையிலிருந்து அந்தக் கரகரத்த குரல் வரும். ஒரு கை தொண்டையில், வாய் நன்றாகத் திறந்திருக்கும். நான் திரும்பி, முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, “என்னடி?” என்பேன். அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்காது. மறுபடி கூப்பிடுவாள். அந்த வீட்டில் என்னைக் கூப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள்.